இருமினால் சொட்டுப் போகுதா, லாத்தா?

இது பெண்களுக்கான பதிவு. ஆண்களும் வாசித்தால் நல்லது, வீட்டில் அரிசி மூட்டையைத் தூக்குவது யார் என்று ஒருக்கா யோசிப்பார்கள்.

எங்கள் ஸ்டாஃப் ரூமில் பிள்ளை பெற்றவர்கள் ஆறு பேர். போன தவணையில் ஒருநாள் இடைவேளை நேரம் ஒரு டீச்சர் தும்மினா. மணி அடித்தும் கதிரையை விட்டு எழும்பவில்லை. என்ன என்று கேட்டதும் அழுகை. அன்றைக்குத்தான் பேச்சு வந்தது. பேசிப் பார்த்தால் ஆறு பேரில் நாலு பேருக்கு ஏதோ ஒரு வகையில் அதே கதை. ஒருவர் கறுப்பு அபாயா தவிர வேறு நிறம் உடுப்பதில்லை, நனைந்தால் தெரியும் என்று. ஒருவருக்கு நாலு பாடம் நின்று படிப்பித்தால் பின்னேரம் கீழே ஏதோ இறங்கி வருவது போல் பாரம். இன்னொருவர் இரண்டு நோன்புக்குத் தராவீஹ் ஜமாஅத்துக்கே போகவில்லை. கேட்டவர்களிடம் எல்லாம் முழங்கால் வருத்தம் என்று சொல்லியிருக்கிறா. இத்தனை வருடம் ஒரே மேசையில் சோறு தின்றும் ஒருவருக்கு ஒருவர் சொன்னதில்லை.

வாய்வழியாக வந்த திரிபிடகத்தை ஓலையில் எழுதி வைத்த இடம் என்று எங்கள் ஊர் விகாரையைப் பார்க்க உலகமெல்லாம் இருந்து ஆட்கள் வருகிறார்கள். அந்த ஊரில் இருந்துகொண்டு நாங்கள் இந்த விசயத்தை வாயாலும் சொல்லவில்லை, எழுத்திலும் வைக்கவில்லை.

விசயம் இதுதான். முன்பக்க இடுப்பு எலும்பில் இருந்து பின்னால் வால் எலும்பு வரைக்கும் ஏணைச் சீலை மாதிரி ஒரு தசை கட்டியிருக்கிறது. இடுப்புத்தளத் தசை என்பார்கள். மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது அதுதான். ஒன்பது மாதப் பாரத்திலும், பிரசவத்தில் முக்கும்போதும் அது இழுபட்டுத் தளர்கிறது. சிலருக்குத் தானாகவே தேறிவிடும். சிலருக்கு இருமினால், சிரித்தால் கசியும். சிலருக்குக் கர்ப்பப்பை கொஞ்சம் இறங்கும். சிசேரியன் செய்தவர்களுக்கும் வரலாம்.

நாற்பது நாளும் உம்மாமார் எங்களை நன்றாகத்தான் பார்த்தார்கள். சுடுதண்ணீர் வார்த்து, மிளகும் பூண்டும் போட்டுச் சமைத்து, வயிற்றைச் சீலையால் கட்டி. ஆனால் வயிற்றைக் கட்டினால் கீழ்த்தசை பலப்படாது. "பிள்ள பெத்தா அப்படித்தான் மகள்" என்று சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

எங்களில் ஒருவர் முன்பே ஒரு இடத்தில் காட்டினபோது, பிள்ளை போதும் என்றால் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று இரண்டு நிமிடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அந்தப் பயத்தில் ஐந்து வருடம் வாயே திறக்கவில்லை. ஆப்பரேஷன் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை, தேவைப்படுகிறவர்களுக்கு அது வேண்டும். ஆனால் கசிவுக்கும், கொஞ்சமாக இறங்கியதற்கும் முதலில் செய்ய வேண்டியது பயிற்சி. இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டியும் அதையே சொல்கிறது: கசிவுக்கு குறைந்தது 3 மாதம், இறக்கத்துக்கு 16 வாரம். 1948ல் கெகல் என்ற அமெரிக்க டொக்டர் எழுதிய பயிற்சிதான் இன்றைக்கும் அடிப்படை.

செய்யும் விதம்: சபையில் காற்றுப் பிரியாமல் அடக்குவது போல உள்ளே இறுக்கி மேலே தூக்க வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது, தொடையும் பின்பக்கமும் இறுகக் கூடாது. முடிந்தவரை பிடித்துவிட்டு முழுசாக விட வேண்டும். விடுவதும் பயிற்சிதான், நாங்கள் முதல் மாதம் அதைத்தான் பிழையாகச் செய்தோம். எட்டுத் தடவை, நாளுக்கு மூன்று வேளை. சுபஹ், அஸர், இஷா தொழுது முடித்து முஸல்லாவில் இருக்கும்போதே செய்துவிட்டால் மறக்காது. சிறுநீர் போகும்போது நிறுத்தி நிறுத்திப் பழக வேண்டாம். செய்யும்போது நோவு இருந்தால் விட்டுவிட்டுக் காட்டுங்கள். சிலருக்குத் தசை தளர்ந்திருக்காது, இறுகிப் போயிருக்கும். அவர்களுக்கு வேறு பயிற்சி.

இன்னொன்று. தும்மல் வருகிறது என்று தெரிந்தவுடன், தும்முவதற்கு முன்பே இறுக்கிக்கொள்ள வேண்டும். சுஜூதில் இருந்து எழும்பும்போது கசிகிறவர்களும் அப்படித்தான்: முதலில் இறுக்கி, மூச்சை விட்டுக்கொண்டே எழும்புங்கள். தராவீஹுக்குப் போகாத எங்கள் டீச்சருக்குக் கைகொடுத்தது இதுதான். நாலாவது மாதம்தான் வித்தியாசம் தெரிந்ததாம்.

தண்ணீரைக் குறைப்பது மருந்தில்லை. மலச்சிக்கல் வந்து முக்கினால் இன்னும் கெடும், நோன்பு காலத்தில் இதில் கவனம் வேண்டும். எந்நேரமும் கசிகிறவர்களுக்குத் தொழுகை இல்லாமல் போவதில்லை. நேரம் வந்தபின் சுத்தம் செய்து, பேட் கட்டி, ஒவ்வொரு பர்ளுக்கும் வுழூ எடுத்துத் தொழச் சலுகை இருக்கிறது. எப்போதாவது சொட்டுகிறவர்களுக்குச் சட்டம் வேறு, ஆலிமா ஒருவரிடம் கேளுங்கள். அன்சாரிப் பெண்களை வெட்கம் மார்க்கத்தைக் கேட்டறியத் தடுக்கவில்லை என்று ஆயிஷா நாயகி புகழ்ந்திருக்கிறார்கள். நாங்கள் ஏன் கூசுகிறோம்?

கூடுதலாக இறங்கியவர்களுக்குப் பெசரி என்று ஒரு சிலிக்கோன் வளையம் இருக்கிறது. டொக்டர் அளவு பார்த்து உள்ளே வைப்பார். ஆப்பரேஷன் இல்லாமலே தாங்கிக்கொள்ளும், ஆனால் சொன்ன திகதிக்குப் போய்க் காட்ட வேண்டும். மூத்திரம் போக முடியாமல் அடைத்தால், மூத்திரத்தில் இரத்தம் கண்டால், மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் பட்டால், மலமும் கசிந்தால் பயிற்சி செய்து பார்ப்போம் என்று இருக்க வேண்டாம், உடனே டொக்டரிடம் போங்கள்.

எங்கே தொடங்குவது? பிள்ளையை நிறுக்க வருகிற மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொன்னால் போதும். 35 வயது தாண்டியவர்கள் எம்.ஓ.எச். சுகவனிதையர் கிளினிக்குக்குப் போகலாம். 1996ல் இருந்து நடக்கிறது, காசு இல்லை. பிசியோதெரபிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது, எப்படிச் சொல்வது என்று ஒரு தங்கச்சி கேட்டா. "கஹினகொட முத்ரா யனவா, மிஸ்." இருமும்போது மூத்திரம் போகிறது என்று அர்த்தம். பாரமாக இருந்தால், "பஹலட்ட பரக் தெனெனவா." பாடமாக்கிக்கொண்டு போங்கள். தனியாகப் போகக் கூச்சம் என்றால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், எங்களில் ஒருவர் கூட வருவோம்.