மோட்டார் எரிந்தது, வில் இறங்கியது

பெங்களூரிலிருந்து மைசூர் போகும் பழைய சாலையில் 60 கிலோமீட்டர் தாண்டினால் சென்னபட்டணா. ராமநகரத்தின் பாறைக் குன்றுகளும் பட்டுக்கூடுச் சந்தையும் பின்னால் போனதும், சாலையோரக் கடைகளில் மஞ்சளும் சிவப்புமாக மரக்குதிரைகள் தலைகாட்டத் தொடங்குகின்றன. கொலுப்படியின் ஓரத்தில் நம் வீட்டுக் குழந்தைகள் பரப்பி வைக்கும் மரச் சொப்புகளில் பல, இந்த ஊரின் சந்துகளில் கடையப்பட்டவை.

நவராத்திரிக்கு மூன்று வாரம் இருக்கும்போது போனால் சந்துக்குச் சந்து கடைசல் இயந்திரங்களின் இரைச்சல்தான் வரவேற்கும். நான் போன அந்தத் திங்கட்கிழமை காலையில், ஒரு பட்டறையில் மட்டும் சத்தமே இல்லை. உள்ளே நுழைந்ததும் மூக்கைத் துளைத்தது கருகிய வார்னிஷ் வாடை. மோட்டார் எரிந்துவிட்டது.

பட்டறைக்காரருக்கு அறுபதைத் தாண்டிய வயது. கன்னடமும் உருதும் கலந்த தமிழில் கணக்குச் சொன்னார். பெங்களூர்க் கடை ஒன்றுக்கு 200 சொப்பு செட். செட்டுக்கு 12 உருப்படி. சனிக்கிழமை காலை வண்டி வரும். இன்னும் கடைய வேண்டியவை 600. "கொலு முடிஞ்ச பிறகு இதை யார் சார் வாங்குவாங்க?" என்றார்.

இந்த ஒரு ஆர்டர் அவருக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? 2023 மார்ச்சில் பெங்களூர்-மைசூர் விரைவுச் சாலை திறக்கப்பட்டது. அது ஊரைத் தொடாமல் ஒதுங்கிப் போகிறது. காபிக்கு நிறுத்தி, குழந்தைக்கு ஒரு பொம்மை வாங்கிப்போன கார்கள் குறைந்துவிட்டன. திப்பு சுல்தான் காலத்திலிருந்து வருவதாக ஊர் நம்பும் தொழில் இது. 2005-06-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும் சிறு பட்டறைகள் இன்று வெளியூர்க் கடைகளின் ஆர்டரைத்தான் நம்பியிருக்கின்றன.

மோட்டார் ஒரே நாளில் எரிவதில்லை. மரத்தூள் காற்றுத் துவாரங்களை அடைக்கிறது. தேய்ந்த பேரிங் சுழற்சியை இழுத்துப் பிடிக்கிறது. மின்னழுத்தம் குறையும்போது மோட்டார் கூடுதல் மின்சாரத்தை இழுத்துச் சூடாகிறது. ஆர்டர் நெருக்கத்தில் சுத்தம் செய்ய யாருக்கும் நேரமில்லை. எனவேதான் அது பழுதாவது பெரும்பாலும் அவசர நேரத்தில்!

காயில் கட்டுபவர் புதன் இரவுதான் தர முடியும் என்றுவிட்டார். பழைய கம்பியை உருவி, புதிதாகச் சுற்றி, வார்னிஷில் நனைத்து, சூட்டில் உலர்த்த வேண்டும்.

"நாளைக்கே கேட்டுப் பார்க்கட்டுமா சாச்சா?" என்றான் அண்ணன் மகன்.

"வேண்டாம்டா. போன தடவை அவசரப்படுத்தினோம். ஈரம் காயாம வாங்கிவந்து பத்தே நாள்ல மறுபடி எரிஞ்சுது."

பிறகு அவர் தரையில் உட்கார்ந்து மரத்துண்டுகளைப் பிரிக்கத் தொடங்கினார். குடம், உரல் போன்ற பெரியவை ஒரு குவியல். கரண்டி, கிண்ணம் போன்ற சிறியவை ஒரு குவியல். ஏற்கெனவே கடைந்து முடிந்தவை வீட்டுப் பெண்களிடம் போயின, பிடி பொருத்தவும் செட் சேர்க்கவும். பெரியவை பக்கத்துப் பட்டறைக்கு. அங்கே இரவு எட்டு மணிக்கு வேலை முடிந்ததும் இயந்திரம் இவர்களுக்கு. அதை உபகாரம் என்று யாரும் நினைக்கவில்லை. முன்பொரு முறை அவர்களுடைய பேரிங் உடைந்தபோது வேலை இங்கே நடந்திருக்கிறது. மின்கட்டணத்துக்கான மணிக்கணக்கு சுவரில் சாக்பீஸ் கோடுகளாக ஏறுகிறது.

சிறியவற்றுக்காகப் பரணிலிருந்து இறங்கியது ஒரு மூங்கில் வில். கூடவே மின்சாரம் வருவதற்கு முந்தைய காலத்துக் கைக்கடைசல். வில்லின் கயிற்றை உருளையில் ஒரு சுற்றுச் சுற்றி, வலக்கையால் முன்னும் பின்னும் இழுக்கிறார். உளியை இடக்கையும் கால்விரல்களும் சேர்ந்து பிடிக்கின்றன. மரம் ஒருமுறை இப்படியும் ஒருமுறை அப்படியும் சுழல்கிறது. தன்னை நோக்கிச் சுழலும்போது மட்டும் உளியை அழுத்துகிறார், திரும்பும்போது விலக்கிக்கொள்கிறார்.

மரம் வெட்பாலை. கன்னடத்தில் ஆலே மரம். பால்வெள்ளை நிறம், நெருக்கமான இழை. சுழலும் மரத்தின்மீது வண்ணம் கலந்த அரக்குக் குச்சியை அழுத்தினால், உராயும் சூட்டிலேயே அது உருகிப் படிகிறது. தாழை மடலால் தேய்த்தால் பளபளப்பு வந்துவிடுகிறது. அடுப்பும் வேண்டாம், தூரிகையும் வேண்டாம். சூடு மட்டும் அளவாக இருக்க வேண்டும். குறைந்தால் அரக்கு திட்டுத் திட்டாக ஒட்டும், மிஞ்சினால் கருகும். அந்த அளவை மோட்டாரில் வேகம் பார்த்துக்கொள்கிறது. வில்லில் பெரியவரின் கைதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சனிக்கிழமை மீண்டும் போனேன். வாசலில் வண்டி நின்றது. கணக்கு நேராகியிருந்தது: வில்லில் இரண்டு நாளில் 100, பக்கத்துப் பட்டறையில் மூன்று இரவுகளில் 150, புதன் இரவு வந்த மோட்டாரில் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் 350. கடைசிப் பெட்டி ஏறும்வரை பெரியவர் வலது தோளைப் பிடித்தபடியே நின்றார்.

இரண்டு நாளில் 100 என்பது பெரிய எண்ணிக்கையல்ல. மோட்டார் அதைச் சில மணி நேரத்தில் முடித்துவிடும். ஆனால் அந்த 100 இல்லாவிட்டால் வண்டி குறையோடு போயிருக்கும். பணமும் நின்றிருக்கும். கவலை அதிலேதான் இருக்கிறது. அந்தப் பட்டறையில் வில் பிடிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். செவ்வாயன்று அண்ணன் மகன் ஒரு மணி நேரம் முயன்றானாம். 11 துண்டு வீணாயிற்று. அவனுக்கு ஸ்விட்ச் தெரியும். இழுவையின் தாளம் தெரியாது. அவர் காலத்துக்குப் பிறகு மோட்டார் எரிந்தால் பட்டறை முழுவதும் நின்றுபோகும்.

"இதுக்கு இப்போ கூலி கட்டாதே சார், யார் கத்துக்குவாங்க?" என்றார் பெரியவர். நியாயம்தான். வில்லில் கடைந்து யாரும் குடும்பம் நடத்த முடியாது. ஆபத்துக்கு உதவும் கலையைச் சும்மா இருக்கும் நாளில்தான் பழக வேண்டும். சும்மா இருக்கும் நாளில் வருமானம் இல்லை.

கிளம்பும்போது பரணைப் பார்த்தேன். வில் அங்கே இல்லை. மோட்டாருக்குப் பக்கத்துச் சுவரில் புதிதாக ஒரு ஆணி அடித்து அதில் மாட்டியிருந்தார்கள். அதற்கடியில் ஒரு பழைய கோணியில், வீணான 11 துண்டுகள்.

"அதை ஏன் வைத்திருக்கிறீர்கள்?"

"ஞாயிற்றுக்கிழமை அவன் மறுபடி கடையணுமில்லே" என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டு, மோட்டாரின் மரத்தூளை ஊதித் தள்ளிக்கொண்டிருந்தான்.