வாக்காளர் இடாப்பில் எங்கட பேர்

சின்னவனுக்கு அஞ்சு வயசு நெருங்கின நேரம்தான் அத்தானுக்கு டயலிசிஸ் தொடங்கினது. கிழமைக்கு ரெண்டு தரம், திங்களும் வியாழனும். சிறுநீரக வருத்தம் எண்டா அது பதவிய, மதவாச்சிப் பக்கத்து வயல்காரருக்கு வாறது எண்டுதான் நாங்கள் அதுவரைக்கும் நினைச்சிருந்தம். குச்சவெளியிலிருந்து டவுண் பெரியாஸ்பத்திரிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல. புல்மோட்டை பஸ்ஸில் போகும்போது ஒருமாதிரிப் போயிடலாம். மெசினில் நாலு மணித்தியாலம் கிடந்த மனிசன் அதே பஸ்ஸில் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு திரும்பி வாறதுதான் ஏலாத காரியம். ரெண்டு தரம் நிலாவெளிக்குக் கிட்ட பஸ்ஸை நிப்பாட்டி இறக்க வேண்டி வந்தது.

அதனால் அக்காவும் அத்தானும் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஒரு அறை வாடகைக்கு எடுத்தார்கள். அறையிலிருந்து பத்து நிமிச நடையில் ஒரு பெரிய பள்ளிக்கூடம். பேர் சொல்லத் தேவையில்லை, டவுணில் எல்லாரும் பிள்ளையைச் சேர்க்க அலையிற பள்ளிக்கூடம்தான். காலமை சின்னவனை விட்டிட்டு அத்தானைக் கூட்டிக்கொண்டு போகலாம், மத்தியானம் அக்கா ஓடிவந்து ஏத்தலாம். எங்கட கணக்கு அவ்வளவுதான். பேருக்காக அந்தப் பள்ளிக்கூடத்தைக் கேக்கேல்ல எண்டு சொல்ல ஆசைதான். ஆனா அம்மா பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்ததை நாங்கள் எல்லாரும் கேட்டோம்.

முதல் பட்டியல் ஒட்டினபோது அதில் சின்னவனின் பெயர் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் மூண்டாவது.

தரம் 1 அனுமதிக்கு கல்வி அமைச்சு வருசா வருசம் ஒரு சுற்றுநிருபம் விடும். பிள்ளை இல்லாத எங்கட வயசுக்காரர் ஒருத்தரும் அதை வாசிக்கிறதில்லை. வாசிச்சுப் பாருங்கோ. இருக்கிற இடங்களில் 50 வீதம் பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட இருக்கிறவர்களின் பிள்ளைகளுக்கு. 25 வீதம் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு. 15 வீதம் ஏற்கெனவே அங்க படிக்கிற பிள்ளைகளின் சகோதரங்களுக்கு. கல்வித்துறையில் வேலை செய்யிறவர்களுக்கு 5, சேவைத் தேவைக்காக இடமாற்றம் பெற்ற உத்தியோகத்தர்களுக்கு 4, வெளிநாட்டிலிருந்து திரும்பினவர்களுக்கு 1. நூறு வீதமும் முடிஞ்சுது. அரசாங்கம் இடம் மாத்தினா அதுக்கு ஒரு பெட்டி இருக்கு. வருத்தம் இடம் மாத்தினா அதுக்குப் பெட்டி இல்லை.

நாங்கள் போட்டது "கிட்ட இருக்கிறவர்" வகையில். அதிலும் கிட்ட இருந்தால் மட்டும் போதாது, கிட்ட இருந்தோம் எண்டு காட்ட வேண்டும். தூரத்துக்கு அதிகபட்சம் 50 புள்ளி. வீட்டை மையமாக வைச்சு வட்டம் கீறி, உங்கட வீட்டுக்கு இன்னும் கிட்ட பிள்ளையைச் சேர்க்கக்கூடிய வேற பள்ளிக்கூடம் இருந்தால் ஒவ்வொண்டுக்கும் 5 புள்ளி கழிப்பார்கள். அதில் நாங்கள் நல்லாத்தான் நிண்டோம். விழுந்தது வாக்காளர் இடாப்பில். முந்தின 5 வருசமும் தாய் தகப்பனின் பெயர் அந்த விலாசத்தில் பதிஞ்சிருக்க வேண்டும். அக்கா, அத்தான் ரெண்டு பேரின் பெயரும் குச்சவெளியில். டவுண் அறைக்கு வந்தே எட்டு மாசம். கறண்ட் பில் வீட்டுக்காரரின் பெயரில். வாடகை ஒப்பந்தம் எண்டு ஒண்டு எழுதவே இல்லை, அறைக்கு ஆர் ஒப்பந்தம் எழுதுறது?

இந்த இடாப்பைப் பற்றி ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். 1990இல் எங்கட பக்கத்துச் சனம் ஓடினபோது அம்மம்மா கொண்டுபோன பொட்டலத்தில் நகை பெரிசா இருக்கேல்ல. காணி உறுதியும், குடும்ப அட்டையும், வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்த ஒரு பிரதியும் இருந்தது. முகாமில் இருந்த காலத்திலும், பிறகு வாடகை வீட்டில் இருந்த காலத்திலும், ஆர் வந்து "பெயரை இங்க மாத்துங்கோ, லேசு" எண்டு சொன்னாலும் மாத்த விடமாட்டா. "பேரை எடுத்தா நாளைக்கு காணி உங்கட இல்லையெண்டு சொல்லுவானுகள்." அது வீண் பயம் எண்டு குச்சவெளியில் ஒருத்தரும் சொல்லமாட்டார்கள். 2004 சுனாமியில் வீட்டின் முன்பக்கம் போனபோதும் நட்டஈட்டுக்கும் வீட்டுத்திட்டத்துக்கும் எங்களைக் காப்பாத்தினது அந்தப் பதிவுதான். அப்படிக் காப்பாத்தின பேப்பர்தான் இப்ப சின்னவனுக்குக் குறுக்கே நிண்டது.

மேன்முறையீட்டுக்குத் தந்தது ரெண்டு கிழமை. எங்கட வீட்டில் எழுத்துவேலை எல்லாம் கம்பஸ் படிக்கிற ஆளின் தலையில்தான் விழும். கலைப்பீடம் எண்டால் வடிவாக் கடிதம் எழுதுவினம் எண்டு ஒரு நம்பிக்கை. வடிவாத்தான் எழுதினோம், மூண்டு பக்கம். அத்தான் கடலுக்குப் போன காலம், கிரியேற்றினின் அளவு, அக்காவின் கண்ணீர், பிள்ளையின் எதிர்காலம் எல்லாம் அதில் இருந்தது. ஊரில் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரிடம் காட்டினோம். வாசிச்சு முடிச்சு கண்ணாடியைக் கழட்டி வைச்சார்.

"நல்லா எழுதியிருக்கிறீங்கள். ஆனா மேன்முறையீட்டுச் சபை உங்களுக்கு இரக்கப்படுற இடமில்ல, பிள்ளையள். கூட்டல் கழித்தல் பிழைச்சிருந்தா திருத்திற இடம். உங்கட புள்ளியில எது பிழை எண்டு சொல்லுங்கோ."

எதுவும் பிழையில்லை. அதுதான் பிரச்சினை.

பிறகு அவர் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். அத்தான் எங்க படிச்சவர்? அத்தான் அப்போது திண்ணையில் படுத்திருந்தார். மெல்ல எழும்பி, "அங்கதான், நாலாம் ஆண்டு மட்டும்" எண்டார். எங்களுக்குத் தலை சுத்தினது. திரியாய்ச் சனம் டவுணில் அகதியா இருந்த காலம், அத்தானை அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் சேர்த்திருக்கிறார்கள். அப்ப பழைய மாணவர் வகையில் போட்டிருக்கலாமே! ஏன் சொல்லேல்ல எண்டு அக்கா அழுதுகொண்டு கேட்டா. அவர் சொன்னது இவ்வளவுதான்: "அங்க எங்களை முகாம் பிள்ளையள் எண்டுதான் கூப்பிட்டது. பழைய மாணவர் எண்டா அது நாங்கள் எண்டு எனக்குத் தெரியாது."

ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி விண்ணப்பம் போட வேண்டும். ஒரே ஆள் ரெண்டு வகையிலும் போடலாம். ஆனா முதலே போட்டிருக்க வேண்டும், மேன்முறையீட்டில் வகை மாற ஏலாது. இதை அடுத்த வருசம் விண்ணப்பம் போடுற ஆருக்காவது சொல்லிவிடுங்கோ.

எண்டாலும் போனோம். வீட்டுக்காரரைக் கெஞ்சி வாடகைக்கு ஒரு கடிதம், கிராம சேவகரின் அத்தாட்சி, சமாதான நீதவானின் கையொப்பம், கிளினிக் கொப்பியின் பிரதி. விசாரணை வைச்சது ஒரு வியாழக்கிழமை. நாளை மாத்தச் சொல்லிக் கேட்க எங்களுக்குத் தைரியம் வரேல்ல. அதனால அம்மா அத்தானோட ஆஸ்பத்திரிக்கு, அக்காவும் நாங்களும் பள்ளிக்கூடத்துக்கு. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதைச் சொல்ல வேண்டும், கோவத்தில் பிறகு நாங்கள் வேற மாதிரிக் கதைச்சிருந்தாலும். ஒரு அம்மா கிளினிக் கொப்பியை ஒவ்வொரு பக்கமாப் புரட்டினா. பிறகு மூடி, மற்ற ஆவணங்களோடு சேர்க்காமல் அக்காவின் கையிலேயே திருப்பித் தந்தா. "இதுக்கு எங்களிட்ட புள்ளி இல்ல, மகள்." பத்து நிமிசத்தில் வெளியே வந்திட்டோம்.

லண்டனில் இருக்கிற சித்தி போனில் சொன்னா, அங்க சில கவுன்சில்களில் மருத்துவ, சமூகத் தேவை எண்டே ஒரு வகை இருக்காம், டொக்டரின் கடிதத்தோடு போடலாமாம். அங்கேயும் இடம் கிடைக்காமல் மேன்முறையீட்டுக்கு அலையிற சனம் நிறைய. ஆனா கேட்கிறதுக்கு ஒரு கோடாவது படிவத்தில் இருக்கு. எங்கட சுற்றுநிருபத்தில் அப்படி ஒரு கோடு போட என்ன செலவு எண்டு எங்களுக்கு இன்னும் விளங்கேல்ல. பொய் மெடிக்கல் கடிதங்கள் குவியும் எண்டு அதிபர் சொன்னார். குவியும்தான். இப்ப பொய் வாடகை ஒப்பந்தங்கள் குவியாமலா இருக்கு?

இறுதிப் பட்டியலிலும் அதே மூண்டாவது இடம். உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம் எண்டு ஒருவர் சொன்னார். தரம் 1 அனுமதிக்காக அரசியலமைப்பின் 12(1) உறுப்புரையைக் காட்டி எத்தனையோ பெற்றோர் அடிப்படை உரிமை வழக்குப் போட்டிருக்கிறார்கள், உண்மைதான். ஒரு மாசத்துக்குள் போட வேண்டும், அல்லது அந்த ஒரு மாசத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு போட்டால் அந்த விசாரணை நடக்கிற காலம் கணக்கில் வராது. ஆனா எங்கட புள்ளியைக் குறைச்சது ஆரும் செய்த அநியாயம் இல்லை, சட்டப்படி சரியாப் போட்ட கணக்கு. கொழும்புக்குப் போய்வரக் காசும் இல்லை, திங்களுக்கும் வியாழனுக்கும் நடுவில் நாளும் இல்லை.

சின்னவன் இப்ப குச்சவெளியில் அம்மம்மாவோடு இருந்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். அங்க விண்ணப்பம் கொடுத்த அன்றே எடுத்தார்கள். வகுப்பில் பிள்ளைகள் குறைவு, ரீச்சருக்கு ஒவ்வொருத்தரின் வீடும் தெரியும். உண்மையைச் சொன்னால் அவன் நல்லாத்தான் படிக்கிறான். சனிக்கிழமை அக்கா வருவா, ஞாயிறு பின்னேர பஸ்ஸில் திரும்பிப் போவா. பஸ் வாற சத்தம் கேட்டா அவன் கிணத்தடிக்குப் பின்னால் போய் நிண்டிடுவான். டாட்டா காட்ட வரமாட்டான். முதல் தவணையில் டவுண் பள்ளிக்கூடத்தில் ரெண்டு இடம் காலியாச்சு, எங்களுக்கு முன்னால் இருந்த ரெண்டு பிள்ளைகளும் உள்ளே போயிட்டுதுகள். இப்ப பட்டியலில் சின்னவன்தான் முதலாவது. ஒவ்வொரு மாசமும் அக்கா கேட்டில போய்க் கேட்டிட்டு வாறா.

தங்கச்சிக்கு இப்ப ரெண்டு வயசு. அவளுக்கு விண்ணப்பம் போடக் கிட்டத்தட்ட ரெண்டரை வருசம் இருக்கு. இப்ப அக்கா, அத்தான் பெயரை டவுணுக்கு மாத்தினால் ரெண்டு வருசப் பதிவாவது அவளுக்குச் சேரும். கிராம சேவகர் வாக்காளர் பதிவுப் படிவத்தைத் தந்திட்டுப் போயிருக்கிறார். அம்மம்மாவிடம் சொன்னோம். முதலில் ஒண்டும் கதைக்கேல்ல. பிறகு, "அவன் திரும்பி வருவான் எண்டுதானே பேரை வைச்சிருக்கிறம்" எண்டா. அத்தானைச் சொன்னாவா, காணியை நினைச்சுச் சொன்னாவா எண்டு தெரியேல்ல. படிவம் ரீவிக்கு மேல கிடக்கு. வெள்ளிக்கிழமை அவர் வாங்க வருவார்.