ஆறு சன்னல், ஆறு பலகை

ஜூலை மாதம். கோவாவில், ஜுவாரி ஆற்றங்கரையில் ஒரு சின்னப் படகுப் பட்டறை. தகரக் கொட்டகையின் மேல் மழை கொட்டுகிற சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. உள்ளே, கனத்த கட்டைகளின் மேல் 34 அடி நீளப் பாய்மரப் படகு ஒன்று ஏறி நிற்கிறது. பருவமழைக் காலத்தில் இங்கே படகுகளைக் கரையேற்றிவிடுவார்கள். செப்டம்பரில் கடல் அடங்கும்வரை பழுது பார்க்கும் வேலைதான்.

ஏணியில் நின்றபடி ஆசாரி ஒருவர் படகின் சன்னல் கண்ணாடி மேல் பழைய செய்தித்தாளை விரித்து, சட்டத்தின் விளிம்போடு கட்டைவிரலால் அழுத்தி மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். சொந்த ஊர் குளச்சல். படகு வேலைக்காக இந்தக் கரைக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. தமிழில் பேச ஆள் கிடைத்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

“படகு முழுக்க ஃபைபர், கனமா இருக்கு சார். உடையணும்னா இங்கதான் உடையும்” என்று கண்ணாடியைத் தட்டிக் காட்டினார்.

அவர் செய்வது புயல் மூடி. சன்னலுக்கு வெளிப்புறம் போல்ட் போட்டு இறுக்கும் பலகை. கரையோரமாக ஓட்டக் கட்டிய படகுகளில், உள்ளே வெளிச்சம் வேண்டும் என்று பெரிய சன்னல்களாக வைத்துவிடுவார்கள். இந்தப் படகின் உரிமையாளர், ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர். கேப் டவுன்வரை போகத் திட்டமிட்டிருக்கிறார். அந்தக் கடலுக்கு இந்தக் கண்ணாடி போதாது.

பேரலை ஒருபக்கம் அடித்தால் அந்தப் பக்கக் கண்ணாடிதான் உடையும் என்று நாம் நினைப்போம். பெரும்பாலும் நடப்பது வேறு. அலை படகைத் தூக்கி எறிகிறது. படகு மறுபக்கமாகப் போய்த் தண்ணீரில் மோதுகிறது. அந்த வேகத்தில் தண்ணீர் பாறை மாதிரி. உடைவது, விழுந்த பக்கத்துச் சன்னல். 2 சதுர அடிக் கண்ணாடி மீது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர் அசையாமல் நின்றாலே சுமார் 190 கிலோ எடை அழுத்தும். கண்ணாடி போய், அந்த ஓட்டை அரை மீட்டர் ஆழத்தில் முங்கினால் நொடிக்கு 300 லிட்டருக்கு மேல் உள்ளே பாயும். எந்தக் கைப்பம்பும் அதற்கு ஈடு கொடுக்காது.

1957 பிப்ரவரியில், தென் அமெரிக்காவின் தென்முனையான கேப் ஹார்ன் நோக்கிப் போய்க்கொண்டிருந்த ‘ட்ஸூ ஹாங்’ என்ற 46 அடிப் படகு ஓர் அலையில் தலைகுப்புறப் புரண்டது. பாய்மரங்கள் போயின; மேல்தள அறை அடியோடு பிய்ந்துபோய், சுமார் 6 அடிச் சதுரத்துக்கு ஓட்டை விழுந்தது. படகில் மைல்ஸ், பெரில் ஸ்மீட்டன் தம்பதியும் ஜான் கஸ்வெல்லும் இருந்தார்கள். கஸ்வெல் மரவேலை தெரிந்தவர். கிடைத்த பலகையையும் பாய்த்துணியையும் வைத்து ஓட்டையை அடைத்தார்கள்; தண்ணீரை வாளியால் இறைத்தார்கள்; சிலி நாட்டுக் கொரோனெல் துறைமுகம்வரை படகைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 1979 ஆகஸ்டில் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் போட்டியில் 303 படகுகள் புயலில் சிக்கியபோது, 15 போட்டியாளர்கள் இறந்தார்கள், 24 படகுகள் கைவிடப்பட்டன, 5 மூழ்கின. படகின் திறப்புகளை எதை வைத்து மூடுவது, மூடியது கழன்று போகாமல் எப்படிக் காப்பது என்ற கேள்விக்கு அதன்பிறகு புதிய கவனம் கிடைத்தது.

குளச்சல் ஆசாரி செய்தித்தாளில் எடுத்த அளவை அட்டையில் வரைந்தார். சன்னலைவிடச் சுற்றிலும் 2 அங்குலம் கூடுதல். அட்டையைத் திரும்பவும் சன்னலில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் மேல் கோடு போட்டார். ஜிக்சாவால் அறுத்து, உப்புத்தாள் தேய்த்து, வெட்டுமுகத்தில் எபாக்ஸி பூசினார். பிளைவுட் தண்ணீர் குடிப்பது அதன் வெட்டுமுகம் வழியாகத்தான். அங்கே மட்டும் மூன்று பூச்சு. உள்பக்க விளிம்பில் நியோப்ரீன் ரப்பர் பட்டை.

நுட்பமான வேலை படகில் துளை போடுவது. ஃபைபர் சுவர் இரண்டு அடுக்கு; நடுவில் பால்சா மரம். நேராகத் துளைத்து போல்ட் மாட்டினால், கசியும் தண்ணீர் பால்சாவை உளுத்துப்போக வைக்கும். அதனால் முதலில் பெரிய துளை போட்டு, சுற்றியுள்ள பால்சாவைக் கம்பியால் சுரண்டி எடுத்து, அந்தக் குழியை எபாக்ஸிக் கூழால் நிரப்பினார். மறுநாள் அது இறுகிய பிறகு, அதன் நடுவில் 6 மில்லிமீட்டர் துளை. இனி போல்ட்டைச் சுற்றி மரமே இல்லை. முதல் நாள் குழி, மறுநாள் துளை. ஆறு சன்னலுக்கும் சேர்த்து 24 துளை. ஒன்றில்கூட அவர் அவசரம் காட்டவில்லை.

உரிமையாளர் இரண்டு சன்னல்களுக்கு மட்டும் பாலிகார்பனேட் கேட்டிருந்தார். எல்லாம் பிளைவுட் என்றால் படகுக்குள் பகலிலும் இருட்டு. நாள்கணக்கில் புயலில் கிடப்பவர்களுக்கு வெளிச்சமும் வேண்டும். பாலிகார்பனேட் அக்ரிலிக்கைப் போலச் சட்டென்று விரிசல் விடாது, வளைந்துகொடுக்கும். ஆனால் எளிதில் கீறல் விழும், அசிட்டோன் பட்டால் கெட்டுவிடும். வெயிலில் அது விரிவதற்கு இடம் விட்டு, போல்ட்டைவிடச் சற்றுப் பெரிய துளை போட்டார்.

இதே கோவாவில், திவார் தீவில் கட்டப்பட்டதுதான் கடற்படையின் ‘தாரிணி’ என்ற பாய்மரப் படகு. 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து அதில் புறப்பட்ட கடற்படை அதிகாரிகள் தில்னாவும், புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் கேப் ஹார்னைக் கடந்து, உலகைச் சுற்றி, 2025 மே 29 அன்று திரும்பினார்கள். பெருங்கடலுக்கென்றே கட்டிய படகு அது. சொந்தப் படகில் போக ஆசைப்படுகிறவர்கள், அந்தப் பலத்தைத் தாங்களேதான் தங்கள் படகுக்குச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காம் நாள் ஒத்திகை. பலகைகளில் ‘இடது 1’, ‘வலது 1’ என்று எண் எழுதி, கைநழுவினாலும் கடலில் விழாதபடி ஒவ்வொன்றுக்கும் கயிறு கட்டியிருந்தது. உரிமையாளரும் அவர் மனைவியும் ஆறையும் மாட்டி முடிக்க முதல் தடவை 40 நிமிடம் ஆனது. “இன்னொரு வாட்டி போடுங்க. ஆடுற படகுல இதுல பாதி வேகம்தான் வரும்” என்றார் ஆசாரி. மூன்றாம் தடவை 15 நிமிடம்.

தூரக்கடல் போகும் எண்ணத்தோடு படகு வைத்திருப்பவர்கள், கரையேற்றியிருக்கும் இந்த மழைக்காலத்திலேயே சன்னலுக்கு அளவெடுத்துவிடுங்கள். அலை எழுந்த பிறகு துளை போட முடியாது.