சீரகத்துக்குத் துணை

எங்க பக்கம் எலிக்கும் விவசாயிக்கும் ஒரே ஒரு உறவுதான். சம்பா தூர் கட்டி வரும்போது கிட்டிக்காரர் மூங்கில் கிட்டிகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார். சாயங்காலம் வயலில் ஊன்றிவிட்டு விடியக்காலம் வந்து எடுப்பார். விழுந்த எலியை எண்ணி, எலிக்கு இவ்வளவு என்று கூலி. பயிரை வெட்டிப் போட்டிருப்பதைக் கண்ணால் பார்த்தவனுக்கு இதில் இரக்கம் வராது. எனக்கும் வந்ததில்லை. இந்த வருசமும் கிட்டி வைத்தோம்.

அப்படிப்பட்ட வீட்டில்தான் இப்போ மூணு சுண்டெலி வளருது. சிரிக்காதீங்க, விசயத்தைச் சொல்றேன்.

மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். தனியா இருக்கிற பிள்ளை, அக்கா தங்கச்சியாக இரண்டு பொட்டைச் சுண்டெலி வாங்கி வளர்த்தாள். கறுப்புக்கு மிளகு, பழுப்புக்கு சீரகம் என்று பேர். ஆபீசில் ஆறு மாசம் புனேவுக்கு அனுப்பவும், ஆடி மாசம் கூண்டோடு கொண்டுவந்து எங்களிடம் விட்டாள்.

ஆவணியில் மிளகு செத்துப்போச்சு. வயிற்றுப் பக்கம் ஒரு கட்டி. வயசான பொட்டைச் சுண்டெலிக்கு இது அடிக்கடி வருவதுதான் என்று கால்நடை டாக்டர் சொன்னார். மிச்சம் நின்றது சீரகம். வயசு ஒன்றரை. சுண்டெலிக்கு ஆயுசே சுமார் இரண்டு வருசம்தான். அந்தக் கணக்கில் அது கிழவி.

துணை போன நாளிலிருந்து அது சக்கரத்தில் ஏறவில்லை. கம்பு போட்டால் இரண்டு கடி, அதோடு சரி. மூலையில் சுருண்டு கிடக்கும். முடியெல்லாம் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். சுண்டெலி கூட்டமாக வாழ்கிற சாதி. ஒன்றை ஒன்று நக்கி, ஒன்றின் மேல் ஒன்று படுத்துத் தூங்கினால்தான் அதற்கு வாழ்க்கை. மனுசன் என்னதான் கையில் வைத்துத் தடவினாலும் அதற்கு ஈடாகாது.

வீட்டுக்காரி கேட்டாள்: “இன்னும் அஞ்சாறு மாசம் இருக்குமா அது? அதுக்குப் போயி ஜோடி தேடணுமா? புதுசு வந்து கெழவியக் கடிச்சுப் போட்டா பாப்பாவுக்கு யாரு பதில் சொல்றது?”

நியாயமான கேள்விதான். தனியா விட்டால் வாடிச் சாகும். சேர்த்து விட்டால் கடிபட்டும் சாகலாம். மகளிடம் போனில் சொன்னேன். “ஏன்ப்பா, ஆடு மாடெல்லாம் சேக்குறவரு நீங்க, உங்களுக்குத் தெரியாதா?” என்றாள்.

அதுவும் சரிதானே. சந்தையில் வாங்கின ஆட்டை அன்றைக்கே பட்டியில் விடமாட்டோம், தனியாகக் கட்டி நோய் நொடி பார்ப்போம். தாய் செத்த குட்டியை வேறு ஆட்டிடம் ஊட்டவிட, அந்த ஆடு ஈன்ற ஈரத்தை எடுத்துக் குட்டி மேல் தடவுவோம். மோந்து பார்த்து நம்ம குட்டி என்று விடும். புதுக்கோழியைப் பகலில் விட்டால் கொத்திக் குதறிவிடும். ராத்திரி எல்லாம் அடைந்த பிறகு நடுவில் வைத்தால், விடிந்ததும் அவ்வளவாகச் சண்டை வராது. எல்லாத்துக்கும் அடிப்படை இரண்டுதான்: வாசனை, இடம். சுண்டெலிக்கும் அதேதான்.

புரட்டாசியில் தஞ்சாவூரில் இரண்டு பொட்டைக்குட்டி வாங்கினேன். ஏன் இரண்டு என்றால், குட்டிகள் துள்ளி விளையாடும், கிழவியால் ஈடுகொடுக்க முடியாது. இரண்டு இருந்தால் ஒன்றோடு ஒன்று ஆடிக்கொண்டு இதை நிம்மதியாக விடும். ஆண் மட்டும் வாங்கவே கூடாது. ஆணோடு ஆண் சேர்ந்தால் ரத்தம் வருகிறவரை அடித்துக்கொள்ளும். ஆணும் பெண்ணும் சேர்ந்தால் மூணே வாரத்தில் குட்டி.

அந்த மூணு வாரக் கணக்கு வேறு ஒன்றுக்கும் உதவியது. புதுசு இரண்டையும் மூணு வாரம் வேறு அறையில் வைத்தோம். தும்மல், மூச்சு இரைப்பு இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். கடையிலேயே சினைப்பட்டிருந்தாலும் தெரிந்துவிடும். தினமும் முதலில் சீரகத்துக்குத் தீனி வைத்து, அப்புறம்தான் குட்டிகளிடம் போவேன். கை கழுவாமல் திரும்ப வரமாட்டேன்.

கடைசி வாரம் வாசனை மாற்றினோம். குட்டிகள் படுத்த காகிதத் துண்டில் ஒரு பிடி எடுத்து சீரகத்தின் கூண்டில் போட்டேன். முதல் நாள் காலால் தள்ளியது. இரண்டாம் நாள் கண்டுகொள்ளவில்லை. மூணாம் நாள் பார்த்தால், வாயில் கவ்விக்கொண்டு போய்த் தன் படுக்கையில் சேர்த்திருந்தது. வீட்டுக்காரிதான் முதலில் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

பிறகுதான் நேரில் பார்க்க விட்டோம். அதுவும் கிழவியின் கூண்டில் இல்லை. சுண்டெலி மூத்திரத்தாலேயே ‘இது என் இடம்’ என்று எழுதி வைத்திருக்கும், அங்கே போனால் குட்டிகள் திருடர்கள். இரண்டு பக்கமும் சொந்தம் கொண்டாட முடியாத இடம் வேணும். நெல் அவிக்கிற அண்டாவைத் தேய்த்துக் கழுவி, அடியில் காகிதம் போட்டு மூணையும் இறக்கினேன். வழவழப்பில் ஏற முடியாது. கையில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், சண்டை முற்றினால் மேலே போட்டுப் பிரிக்க.

சீரகம் வாலைப் படபடவென்று தரையில் அடித்தது. அது கோபக்குறி. ஒரு குட்டியைத் துரத்தியது, குட்டி கீச்சென்று கத்தி மல்லாந்து படுத்துவிட்டது. “அய்யோ, எடுங்க எடுங்க” என்றாள் வீட்டுக்காரி. நான் எடுக்கவில்லை. துரத்துவதும் கத்துவதும் யார் பெரியவர் என்று முடிவு செய்கிற பேச்சு. புது ஆடு பட்டிக்கு வந்தால் முட்டிக்கொள்ளாதா, அதுமாதிரி. ரத்தம் வந்தால்தான் பிரிக்கணும். பத்து நிமிசத்தில் அடங்கியது. நாலு நாள் இப்படியே அரைமணி அரைமணி நேரம்.

அஞ்சாம் நாள் பழைய கூண்டைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவிக் காயவைத்து, உள்ளே எல்லாத்தையும் இடம் மாற்றினேன். கொட்டாங்குச்சி வீடுகளில் இரண்டிரண்டு வாசல் போட்டேன். ஒரு வாசல் இருந்தால் மடக்கி வைத்து அடிக்கும். தண்ணியும் தீனியும் இரண்டிரண்டு இடத்தில். மூணையும் ஒரே நேரத்தில் விட்டோம். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. காலையில் டார்ச் அடித்துப் பார்த்தால் மூணும் ஒரே குவியல். கிழவி அடியில், குட்டிகள் மேலே.

குட்டிகளுக்கு கடுகு, வெந்தயம் என்று பேர் வைத்தது வீட்டுக்காரிதான். சீரகம் மறுபடி கம்பு தின்கிறது. சக்கரத்தில் ஏறுவதில்லை, குட்டிகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது.

டவுனில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லத் தோணுது. கடையில் ஒத்தை சுண்டெலி வாங்காதீங்க. வாங்கினால் ஒரு கணக்குக்கும் தயாராக இருங்க: ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், கடைசியில் ஒன்று தனியாக நிற்கும். நிற்கிறதுக்கு மறுபடி துணை தேடணும். பட்டி வைத்திருக்கிறவனுக்கு இது பழகிப்போன கணக்கு.

மகள் பொங்கலுக்கு வருகிறாள். அதுவரைக்கும் சீரகம் இருக்குமா என்று கேட்கிறாள். சொல்ல முடியாது என்றேன். ஆனால் தனியா போகாது பாப்பா என்று மட்டும் சொன்னேன்.