இதுக்கு எது வேணும்?

உங்கள் வீட்டில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருக்குமே, அதை வைத்துக் கடைசியாக என்ன செய்தீர்கள்? ஸ்க்ரூ முடுக்கியிருக்க மாட்டீர்கள். பெயின்ட் டப்பா மூடியை நெம்பியிருப்பீர்கள். ஃப்ரீஸரில் ஒட்டிக்கொண்ட ஐஸ் டிரேயைக் குத்திப் பெயர்த்திருப்பீர்கள். ஆணி அடிக்க வேண்டுமா, இருக்கவே இருக்கிறது சமையலறைக் குழவிக்கல்! நம் வீடுகளில் ஒரு பொருள் பத்து வேலை செய்யும். அதில் நமக்கு ஒரு பெருமைகூட உண்டு. எனக்கும் இருந்தது... 2019 வரை.

அந்த வருஷம் மொட்டைமாடியில் ஒரு அறை கட்டினேன். வேலை நடக்கிற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு யோசனை சொல்கிற வியாதி ஒன்று இருக்கிறது அல்லவா, அது எனக்கும் வந்தது.

முதல் நாளே கொத்தனாரும் சித்தாளும் நீளமான பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார்கள். "அதான் ரசமட்டம் வெச்சிருக்கீங்களே, இது எதுக்கு?" என்றேன் மேதாவியாக.

"ரசமட்டம் ரெண்டடிக்குப் பேசும் சார். இந்தச் சுவத்துலேர்ந்து மூலை திரும்பி அந்தச் சுவத்துக்கு மட்டம் கொண்டுபோகணும்னா தண்ணிதான். தண்ணி பொய் சொல்லாது" என்றார். ஒரு கணம் கழித்து, "டியூபுக்குள்ள காத்துக் குமிழி நின்னா மட்டும் சொல்லும்" என்று சிரித்தார்.

சுவர் எழும்பியதும் அது நேராக நிற்கிறதா என்று பார்க்க, இரண்டையும் விட்டுவிட்டுத் தூக்குக்குண்டை எடுத்துத் தொங்கவிட்டார். மூன்றும் ஒரே வேலைதான் என்று நினைத்திருந்தேன். மூன்றும் கேட்கிற கேள்வி வேறு வேறு என்று அப்போதுதான் தெரிந்தது.

பிளம்பர் வந்தார். இரும்புக் குழாய்க்குப் பல் வைத்த பைப் ரெஞ்ச். பளபளக்கும் பாத்ரூம் குழாய்க்குப் பல் இல்லாத ஸ்பேனர். மாற்றிப் போட்டால் புதுக் குழாயில் நாய் கடித்த மாதிரி தடம் விழுமாம்! எலக்ட்ரீஷியன் தன் கட்டிங் பிளேயரைப் பார்த்தார். கைப்பிடி உறை கிழிந்திருந்தது. "டேப் சுத்திக்கலாமே?" என்றேன். "டேப்பை நம்பி கரன்ட்ல கை வைக்க முடியுமா சார்?" என்றவர், கடைக்குப் போய்ப் புதுசு வாங்கி வந்துதான் வேலையை ஆரம்பித்தார்.

எல்லாவற்றையும் பார்த்தேன். ரசித்தேன். வீட்டுக்கு வந்தவர்களிடம் கதையாகவும் சொன்னேன். கற்றுக்கொண்டேனா என்பதுதான் விஷயம்.

கடைசியாக வந்தவர் ஆசாரி. கூடவே அவருடைய தங்கை மகன், பத்தொன்பது வயதுப் பையன். உளியை இரும்புச் சுத்தியலால் அடிக்க மாட்டார். மரத்தாலான கொட்டாப்புளிதான். "உளிப்பிடி மரம் சார். இரும்பு பட்டா பிளந்துடும்" என்பார். அலமாரி வேலை பாதியில் இருந்தபோது, அவருடைய மரம் அறுக்கும் மிஷினில் மோட்டார் போய்விட்டது. ரிப்பேராகி வர ரெண்டு நாள் ஆகும் என்றார். நாங்களோ அந்த வெள்ளிக்கிழமை பால் காய்ச்ச நாள் குறித்திருந்தோம்.

என்னிடம் ஒரு கிரைண்டர் இருந்தது. ஜன்னல் கம்பி அறுக்க வாங்கியது. பல் வைத்த பிளேடை மாட்டினால் மரமும் அறுக்கும் என்று கடைக்காரர் சொல்ல, வாங்கி வந்துவிட்டேன்.

"வேணாம் சார். கை ரம்பத்துலயே அறுத்துடறோம். ஒரு நாள் கூட ஆகும், அவ்ளோதான்" என்றார் ஆசாரி.

"ஊர்ல நிறைய பேர் இதுலதானே அறுக்கறாங்க?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. கீல் வாங்கக் கடைக்குப் போனார். நான் மிஷினைப் பையன் கையில் கொடுத்தேன். அவன் வாசல் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். வீட்டுக்காரர் கொடுத்தால் அந்த வயசுப் பையன் எப்படி மாட்டேன் என்பான், சொல்லுங்கள்!

பலகையில் ஒரு கணு இருந்தது. பிளேடு அதில் சிக்கியது, மிஷின் துள்ளியது, பையன் கத்தினான். இடது கை ஆள்காட்டி விரல்.

ஏன் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இரும்பு அறுக்கும் தட்டுக்குப் பல் கிடையாது, அது தேய்த்துத் தேய்த்துத்தான் அறுக்கும். அதற்காகச் சின்ன கிரைண்டர் நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றுகிறது. மரம் அறுக்கும் வட்ட ரம்பம் ஏறக்குறைய 5,000 சுற்றுதான். அதன் அடியில் பலகை மேல் படிந்து உட்கார ஒரு தட்டு உண்டு. அறுத்து முடித்ததும் தானாகவே பல்லை மூடிக்கொள்ளும் உறையும் உண்டு. கிரைண்டரில் இது எதுவும் கிடையாது. அவ்வளவு வேகத்தில் சுற்றுகிற பல், மரத்தைக் கவ்வினால் பிடித்திருப்பவன் மேல்தான் பாயும்.

ஆஸ்பத்திரி செலவு நான் கொடுத்தேன். ஆறு வாரக் கூலியும் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை பால் காய்ச்சவில்லை. அன்று ராத்திரி மனைவி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அவசரம் நமக்கு. விரல் அவனுக்கு."

ஆசாரி என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "மிஷின் மேல தப்பில்ல சார். இரும்பு கேட்டிருந்தா ஒழுங்கா அறுத்துக் குடுத்திருக்கும்" என்றார். யார் மேல் தப்பு என்பதை எனக்கே விட்டுவிட்டார்.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு அவர் பட்டறைக்குப் போயிருந்தேன். உளி, இழைப்புளி, ரம்பம், ரிப்பேராகி வந்த மிஷின் எல்லாம் துடைத்து வரிசையாக வைத்திருந்தார்கள். பையன்தான் ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டிருந்தான். இடது கையால் உளியைப் பிடித்தபோது மற்ற விரல்கள் மடங்கின. ஆள்காட்டி விரல் மட்டும் மடங்காமல் நீட்டிக்கொண்டு நின்றது. இன்றைக்கும் அது முழுசாக மடங்குவதில்லை. என்னைப் பார்த்ததும், "வாங்க சார்" என்று சிரித்தபடி பொரிகடலைத் தட்டை நீட்டினான்.

உங்கள் வீட்டிலும் நாளைக்கே ஒரு வேலை நடக்கலாம். "இதை வெச்சு எப்படியாவது முடிச்சுடுங்களேன்" என்று நாக்கு நுனி வரை வரும். கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். "இதுக்கு எது வேணும்?" என்று கேளுங்கள். அது வர ரெண்டு நாள் ஆகும் என்றால் ஆகட்டும்.

பால் ரெண்டு நாள் கழித்துக் காய்ந்தாலும் பொங்கத்தான் செய்யும்!