எடுக்க எடுக்கக் குறையாத வங்கி

பணம் போட முடியாத, வட்டியும் தராத வங்கி ஒன்று 1971-ல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் தொடங்கப்பட்டது. பெயர், புரோட்டீன் டேட்டா பேங்க். ஆரம்ப இருப்பு, வெறும் 7 புரதங்களின் முப்பரிமாண வடிவங்கள்.

புரதத்துக்கு எதற்கு வங்கி?

புரதம் என்பது 20 வகை அமினோ அமில மணிகளைக் கோத்த மாலை மாதிரி. ஆனால், மாலை நீட்டிவைத்தபடி கிடப்பதில்லை. தனக்கென ஒரு வடிவத்தில் மடங்கிக்கொள்கிறது. அந்த வடிவத்தைப் பொறுத்துத்தான் அதன் வேலை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் 146 மணிகள் கொண்ட ஒரு சங்கிலி உண்டு. அதில் 6-வது மணி மாறினால் போதும். ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சிவப்பணுவே அரிவாள்போல வளைந்துவிடும். அரிவாள் செல் ரத்தசோகை என்பது இதுதான்.

மணிகளின் வரிசைகளைத் தொகுத்து, 1965-லேயே புத்தகமாக வெளியிட்டார் மார்கரெட் டேஹாஃப் என்ற பெண் விஞ்ஞானி. அதில் 65 புரதங்கள் இருந்தன. வடிவத்தைக் கண்டுபிடிப்பது இன்னும் சிரமம். ஹீமோகுளோபின் ஒன்றுக்காகவே 20 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார் மேக்ஸ் பெரூட்ஸ்.

அப்படிப் பாடுபட்டுக் கண்டதை ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? தயங்கியவர்களும் இருந்தார்கள். 'கட்டுரை வெளியிடுபவர் வடிவத்தையும் வங்கியில் போட வேண்டும்' என்று 1980-களின் இறுதியில் விஞ்ஞானிகளே வற்புறுத்த ஆரம்பித்தார்கள். மெல்ல மெல்ல அதுவே வழக்கமானது.

வருவதையெல்லாம் வங்கி அப்படியே வாங்கி வைப்பதில்லை. சோதித்துப் பார்க்கிறது. அந்தச் சோதனைகளில் ஒன்று சென்னையில் பிறந்தது. 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.ராமச்சந்திரன், சக ஆய்வாளர்கள் சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரனுடன் ஒரு வரைபடம் வெளியிட்டார். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் வளைய முடியும், எந்தக் கோணத்தில் வளைந்தால் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்று அது சொல்லிவிடும். இன்றும் புதிய வடிவங்களை 'ராமச்சந்திரன் வரைபட'த்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

கொடுத்ததன் அருமை கொரோனா காலத்தில் தெரிந்தது. 2020 ஜனவரியில் வைரஸின் மரபணு வரிசை வெளியானது. பிப்ரவரி முதல் வாரத்திலேயே, அதன் முக்கிய நொதி ஒன்றின் வடிவத்தைச் சீன விஞ்ஞானிகள் இந்த வங்கியில் சேர்த்துவிட்டார்கள். மருந்து தேடியவர்கள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. இணையத்தில் எடுத்துக்கொண்டார்கள்.

வரிசையைக் கொடுத்தால் வடிவத்தைக் கணித்துச் சொல்கிறது 'ஆல்ஃபாஃபோல்ட்' என்ற ஏ.ஐ. அது பாடம் படித்ததும் இந்த வங்கியில்தான். 2022-க்குள் 20 கோடிக்கும் அதிகமான புரதங்களுக்கு வடிவம் கணித்துவிட்டது. 2024-ன் வேதியியல் நோபல் பரிசில் பாதி, அதை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும் கிடைத்தது.

மேடையேறியது அவர்கள். அந்த ஏ.ஐ-க்குப் பாடம் சொன்னதோ, இரவு பகலாக உழைத்துக் கண்ட வடிவத்தைப் பொதுவில் வைத்துவிட்டு, அடுத்த புரதத்தைத் தேடிப்போன ஆயிரக்கணக்கானவர்கள்!