படகில் ஏறினால் அமைச்சரும் பயணிதான்

ஒரு தலைவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்று தெரிந்துகொள்ள நாடாளுமன்ற நேரலையைப் பார்க்கிறோம். வாட்ஸ்அப்பில் வரும் துண்டுக் காணொளிகளை வைத்துச் சண்டை போடுகிறோம். வானொலியில் மைக் முன்னால் உட்காரும் எனக்கும் பேச்சுதான் பிழைப்பு. ஆனாலும் சொல்கிறேன், ஒரு சனிக்கிழமை ஓய்வு கிடைத்தால் லாத்தார் நெடுஞ்சாலையைப் பிடித்துக் குடும்பத்தோடு கோல சிலாங்கூருக்குப் போய் வாருங்கள். வழியில் இருக்கும் ஊர்களே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

முதலில் ஈஜோக். செம்பனைக்கு நடுவே இருக்கும் இந்தச் சிற்றூரை 2007 ஏப்ரலில் நாடே திரும்பிப் பார்த்தது. சட்டமன்ற உறுப்பினர் சிவலிங்கம் மறைந்ததால் இடைத்தேர்தல் வந்தது. சாலைக்குத் தார், தெருவுக்கு விளக்கு என்று ஒதுக்கீடுகள் ஓடி வந்தன. ம.இ.கா.வின் பார்த்திபன் 1,850 வாக்குகள் பெரும்பான்மையில் வென்றார்.

தோற்றவர் டான்ஸ்ரீ காலிட் இப்ராஹிம். 1981இல் லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலையில் கத்ரி தோட்ட நிறுவனத்தை மலேசியாவின் கைக்குக் கொண்டுவந்ததில் முக்கியப் பங்கு வகித்தவர். மறு ஆண்டே அதே ஈஜோக்கில் வென்று மந்திரி பெசார் ஆனார். வீட்டுக்கு மாதம் 20 கன மீட்டர் தண்ணீர் இலவசம் என்றார், கொடுத்தார். கணக்கில் புலி. ஆனால் கட்சிக்காரர்களை அரவணைத்துப் போகத் தெரியவில்லை. 2014இல் பதவி போனது. என்னைக் கேட்டால், மேடையில் சுமாராகப் பேசினாலும் சொன்னதைச் செய்பவருக்குத்தான் என் மதிப்பெண்.

அடுத்து பெஸ்தாரி ஜெயா. நம் பெரியவர்களுக்கு இன்னமும் அது பத்தாங் பெர்ஜுந்தைதான். இந்த வட்டாரத்துத் தோட்டங்களைப் பற்றிப் பேசினால் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் என்ற ஐந்து பெயர்கள் வராமல் இருக்காது. தோட்டங்கள் கைமாறின. அங்கே பால் வெட்டியும் குலை அறுத்தும் வாழ்ந்த 245 குடும்பங்கள் சொந்த வீட்டுக்காகக் கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தன. இடையில் இரண்டு கூட்டணிகளும் இந்த மாநிலத்தை ஆண்டுவிட்டன. 2023இல்தான் பிரதமர் அன்வார் வந்து வீட்டுத் திட்டத்தைத் தொடக்கி வைத்தார். லயத்தில் பிறந்த பிள்ளை வளர்ந்து, கல்யாணம் முடித்து, தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் காலம் அது.

மாலையில் கோல சிலாங்கூர். புக்கிட் மெலாவத்தியில் 1907இல் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறது. வெள்ளி நிற லோத்தோங் குரங்குகள் சாதுவாகக் கை நீட்டும். நீண்ட வால் குரங்குகள் பையையே பறிக்கும். இருட்டியதும் கம்போங் குவாந்தான். சம்பானில் நான்கு பேர்தான் உட்காரலாம். சத்தம் கூடாது, கேமரா ஃபிளாஷ் கூடாது. அப்போதுதான் பெரம்பாங் மரங்களில் மின்மினிகள் விட்டுவிட்டு மின்னுவதைப் பார்க்க முடியும். படகில் ஏறிவிட்டால் துடுப்புப் போடுபவர் சொல்வதுதான் சட்டம். ஏறியவர் அமைச்சராக இருந்தாலும் அங்கே அவர் பயணிதான்.

விமானத்திலும் இதே கதைதான். 1963 தோக்கியோ ஒப்பந்தம் பயணத்தின்போது விமானத் தலைவருக்குத்தான் அதிகாரம் கொடுக்கிறது. இருந்தும் 2022இல் உலக அளவில் 568 பயணங்களுக்கு ஒன்றில் பயணிகள் அடாவடி செய்ததாக அனைத்துலக விமானப் போக்குவரத்துச் சங்கம் சொல்கிறது. தலைவர்களும் இதற்கு விலக்கல்ல. 2017இல் இந்தியாவின் சிவசேனா எம்.பி. ரவீந்திர கெய்க்வாட், உயர்வகுப்பு இருக்கை கிடைக்கவில்லை என்று ஏர் இந்தியா ஊழியரைச் செருப்பால் அடித்தார். விமான நிறுவனங்கள் அவரை ஏற்ற மறுத்தன. வருத்தம் தெரிவித்த பிறகே தடை நீங்கியது. 2022 டிசம்பரில் சென்னையிலிருந்து திருச்சிக்குப் புறப்படவிருந்த விமானத்தில் அவசரக் கதவு திறந்துகொண்டது. திறந்தவர் பா.ஜ.க. எம்.பி. தேஜஸ்வி சூர்யா. தவறுதலாக நடந்தது, மன்னிப்பும் கேட்டார் என்றார்கள். ஆனால் விஷயம் வெளியே வர ஒரு மாதம் ஆனது.

ஓர் இருக்கைக்காகக் கை ஓங்கும் தலைவரையும், ஒரு வீட்டுக்காக இருபத்தைந்து ஆண்டுகள் பொறுத்த தோட்டத்து மக்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் மக்களின் பொறுமையைப் புகழ்ந்து பேச எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பொறுமைதான் தலைவர்களைச் சோம்பேறி ஆக்கியது என்று நினைக்கிறேன்.

2022 பொதுத்தேர்தலில் இதே கோல சிலாங்கூரில் நிதியமைச்சராக இருந்த தெங்கு ஸப்ருல் வெறும் 1,002 வாக்குகளில் டாக்டர் சுல்கிப்ளியிடம் தோற்றார். இரண்டு மூன்று தோட்டத்து வாக்குகளே இந்த வித்தியாசத்தை நிரப்பிவிடும். அடுத்த முறை மாலையும் கையுமாக வருபவரிடம், போன தடவை சொன்ன வேலை எந்த மாதம் முடிந்தது என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். தேதி சொல்லத் தெரிந்தவருக்குப் போடுங்கள் வாக்கை.